விரைவும் பேறும்: ஓர் ஆங்கிலச் சொல்லின் வரலாறு

ஆசிரியத் தொழிலிலே புகுந்து ஓராண்டுகூட நிரம்பாத காலம். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. ஒன்பதாம் வகுப்பு மாணாக்கருக்கு ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்தேன். தவணைப் பரீட்சை வினாத்தாளிலே ஐந்து ஆங்கிலப் பழமொழிகளைக் கொடுத்து, அவற்றின் கருத்தைத் தமிழில் எழுதுமாறு கேட்டிருந்தேன். 'மோர் ஹேஸ்ற், லெஸ் ஸ்பீட்' என்பது அவற்றுள் ஒன்று. ஹேஸ்ற் என்றால் அவசரம். ஸ்பீட் என்றால் வேகம். ஆகவே 'அவசரம் கூடக் கூட வேகம் குறையும்' என்பதே விடை எனக் கொண்டு, புள்ளித் திட்டத்திலும் அவ்வாறே குறித்து வைத்திருந்தேன்.

ஒரு மாணவன் மாத்திரம் 'அவசரப்பட்டால் காரியம் சித்தியாகாது' என்று எழுதியிருந்தான். சிவப்பு மையினாற் குறுக்கே கோடிழுத்து, இரண்டு புள்ளிகளையும் மறுத்தேன். அத்துடன் விட்டேனா? விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுத்த அன்று அவனை எழுப்பி நிறுத்தி, அவன் எழுதியதை எல்லாருக்கும் கேட்கும்படி உரக்க வாசித்தேன். "தம்பி, ஸ்பீட் எண்டால் சித்தி எண்டு உமக்கு எந்த அகராதி சொன்னது?" என்று கேட்டேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. அவன் தலை குனிந்து நின்றான். அந்தத் தவணை முடியும்வரையில் ஆங்கில பாட வேளையில் அவன் கை உயர்ந்ததை நான் காணவில்லை.

எந்த அகராதி சொன்னது என்ற வினாவுக்கு விடை மூன்று ஆண்டுகள் கழித்து எனக்கே கிடைத்தது. 1884ஆம் ஆண்டில் முதற்பகுதி வெளிவந்து 1928ஆம் ஆண்டில் நிறைவெய்திய ஒக்ஸ்போட் பேரகராதியை வாசகர் அறிவர். ஒரு நூல்நிலையத்திலே, வேறொரு சொல்லைத் தேடி அதன் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, 'ஸ்பீட்' என்ற தலைச்சொல் கண்ணிற் பட்டது. அறிந்த சொல்லாயிற்றே என்று கடந்து போயிருப்பேன். ஆயினும் முதலிற் கொடுக்கப்பட்டிருந்த பொருள்களைக் கண்டு திகைத்து நின்றேன். வளம், ஆற்றல், பேறு, காரியசித்தி என்பனவே அங்கு முன்னின்றன. நாம் அறிந்த விரைவு என்னும் பொருள் அவற்றின் பின்னே, இளையவன் போல் வந்து நின்றது.

அந்தச் சிவப்புக் கோடு உடனே நினைவுக்கு வந்தது. அந்தப் பையன் அப்போது கல்லூரியை விட்டுப் போய்விட்டான்.

இற்றைக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் ஆங்கிலேயரின் மூதாதையர் பேசிய பழைய ஆங்கிலத்திலே இச்சொல் 'ஸ்பேட்' என்று ஒலித்தது. 'ஸ்போவன்' என்றொரு வினைச்சொல் அம்மொழியில் இருந்தது. செழித்தல், கைகூடுதல் என்பன அதன் பொருள். அவ்வினையின் வயிற்றிற் பிறந்த பெயரே ஸ்பேட் என்பர். ஒருவனுக்கு ஸ்பேட் உண்டு என்றால் அவன் ஓடுகின்றான் என்பதன்று கருத்து. அவன் கையிட்ட காரியம் விளங்குகின்றது, அவன் வீட்டிலே குறைவில்லை என்பதே கருத்து.

இந்தச் சொல்லின் சுற்றத்தாரைப் பார்த்தால் உண்மை இன்னும் தெளிவாகும். இலத்தீன் மொழியில் நம்பிக்கையைக் குறிக்கும் 'ஸ்பேஸ்' என்ற சொல்லும் இதே வேரிற் கிளைத்தது என்று மொழிநூலார் கருதுவர். அந்த இலத்தீன் சொல்லின் வழியாகவே, நம்பிக்கை இழத்தலைக் குறிக்கும் 'டெஸ்பெயர்' என்பது ஆங்கிலத்துக்கு வந்தது. ஆகவே ஸ்பீட், டெஸ்பெயர் ஆகிய இரண்டும் ஒன்றையொன்று முகம் பாராத தாயாதிகள்! உருசிய மொழியிலே வெற்றிக்கு வழங்கும் 'உஸ்பேஹ்' என்ற பெயரும், விரைதலுக்கு வழங்கும் 'ஸ்பெஷீத்' என்ற வினையும் இந்தக் குடும்பத்தனவே. ஒல்லாந்தர் மொழியில் 'ஸ்பூட்' என்பது அவசரம். ஆனால் 'வோர்ஸ்பூட்' என்பது நல்வாழ்வு, 'தேகன்ஸ்பூட்' என்பது இடுக்கண். விரைவும் பேறும் அங்கே இன்னமும் ஒரு கூரையின்கீழ்க் குடியிருக்கின்றன.

வடமொழி கற்றவர்களுக்கு இன்னோர் உறவினரையும் காட்டலாம். பெருகுதல், பருத்தல் என்ற பொருளுடைய ஒரு வினையடியிலிருந்து வரும் 'ஸ்பீத' என்ற அடைமொழி செழிப்புற்ற என்று பொருள்படும். வான்மீகி முனிவர் கோசல நாட்டை அறிமுகஞ் செய்யும் இடத்திலே அந்நாட்டுக்குக் கொடுத்த அடைமொழிகளுள் இதுவும் ஒன்று. தசரதனின் நாடு ஸ்பீதமான நாடு. இன்று அந்த ஒலியைக் கேட்கும் நம் பிள்ளைகள் மோட்டார் சைக்கிளை நினைப்பார்கள். முனிவர் நினைத்ததோ நெல்லும் நீரும் நிறைந்த மருத நிலத்தை.

இங்கிலாந்திலே இந்தப் பழைய பொருள் நெடுங்காலம் நிலைத்து நின்றதற்குச் சான்றுகள் பல. முதலாம் யேம்ஸ் மன்னர் காலத்தில், 1611ஆம் ஆண்டில் வெளியான ஆங்கில விவிலியத்தை எடுத்துக்கொள்வோம். ஆதியாகமத்தின் இருபத்துநான்காம் அதிகாரத்திலே ஒரு கதை. முதியவராகிய ஆபிரகாம் தம் மகனுக்குப் பெண் தேடும் பொறுப்பைத் தம் வீட்டு ஊழியன் ஒருவனிடம் ஒப்புவிக்கின்றார். அவன் பத்து ஒட்டகங்களுடன் நெடுவழி நடந்து, மாலை வேளையில் ஓர் ஊர்ப்புறத்துக் கிணற்றடியை அடைகின்றான். ஒட்டகங்களை மண்டியிடச் செய்துவிட்டு, இன்று எனக்கு 'குட் ஸ்பீட்' அருளவேண்டும் என்று இறைவனை வேண்டுகின்றான். ஒட்டகங்களோ படுத்திருக்கின்றன, கிழவனோ களைத்திருக்கின்றான். அவன் கேட்டது வேகத்தை அன்று. வந்த காரியம் கைகூட வேண்டும் என்பதையே. பெண் கேட்டுப் போகும் நம் ஊர்ப் பெரியவர்கள் வாசற்படியிலே நின்று பிள்ளையாரை நினைப்பது போன்றதே அது.

இன்னொரு நுட்பமும் அந்த அதிகாரத்தில் உண்டு. அவன் வேண்டுதல் முடியுமுன்னரே ரெபேக்காள் என்னும் கன்னி குடத்துடன் வருகின்றாள். தண்ணீர் கேட்டதும் விரைந்து குடத்தை இறக்குகின்றாள். ஒட்டகங்களுக்கும் விரைந்து வார்க்கின்றாள். அந்த விரைவைச் சொல்ல நேர்ந்தபோது மொழிபெயர்ப்பாளர் ஸ்பீட் என்ற சொல்லைத் தொடவில்லை. 'ஹேஸ்ற்' என்ற சொல்லையே எடுத்தனர். கிழவனுக்கு ஸ்பீட், கன்னிக்கு ஹேஸ்ற். இரண்டும் வெவ்வேறு பொருளன என்பது நானூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஆங்கிலம் படித்தவர்களுக்குச் சொல்லித்தரவேண்டிய செய்தியாக இருக்கவில்லை.

வேலியோரங்களிலும் புல்வெளிகளிலும் பூக்கும் சிறிய நீலப்பூ ஒன்றுக்கு ஆங்கிலேயர் 'ஸ்பீட்வெல்' என்று பெயரிட்டிருக்கின்றனர். தரையோடு தரையாகப் படரும் செடி அது. அதற்கும் வேகத்துக்கும் என்ன தொடர்பு என்று மயங்க வேண்டியதில்லை. 'நன்றே ஆகுக' என்ற வாழ்த்துத்தான் அந்தப் பெயர். அதே பெயரைத் தாங்கிய கப்பல் ஒன்றும் சரித்திரத்தில் இடம்பெற்றது. 1620ஆம் ஆண்டில், சமயக் கொள்கையின் பொருட்டு ஒல்லாந்திலே வாழ்ந்த ஆங்கிலேயர் சிலர் அமெரிக்காவுக்குக் குடியேறப் புறப்பட்டபோது, மேபிளவர், ஸ்பீட்வெல் என்னும் இரு கப்பல்கள் சேர்ந்து செல்வதாக ஏற்பாடு. ஸ்பீட்வெல் ஒழுகத் தொடங்கியது. ஒருமுறை திரும்பி வந்து பழுது பார்த்தனர். மீண்டும் புறப்பட்டு மீண்டும் திரும்பினர். ஈற்றில் அதனைக் கைவிட்டு, மேபிளவர் தனியே நூற்றிரண்டு பயணிகளுடன் சென்றது. பெயரிலே வாழ்த்து இருந்தும் அந்தக் கப்பலுக்குப் பழைய ஸ்பீடும் வாய்க்கவில்லை, புதிய ஸ்பீடும் வாய்க்கவில்லை.

ஷேக்ஸ்பியர் இந்த இரட்டைப் பொருளை வைத்து விளையாடாமல் விடுவாரா? அவர் இளமையில் எழுதிய 'வெரோனா நகரத்து இரு கனவான்கள்' என்ற நாடகத்திலே ஒரு வேலைக்காரனுக்கு ஸ்பீட் என்றே பெயர். முதற்காட்சியில் அவன் எசமானைத் தேடி வரும்போது எசமான் புறப்பட்டுப் போய்விடுகின்றார். பின்னொரு காட்சியில், நண்பன் லான்ஸ் என்பவன் தான் மணக்க விரும்பும் பெண்ணின் குணங்குறைகளை எழுதிய பட்டியலைக் கொடுத்து வாசிக்கச் சொல்கின்றான். வாசிக்கப் புகும்போது, புனித நிக்கலஸ் உனக்கு ஸ்பீட் ஆகட்டும் என்று வாழ்த்தவும் செய்கின்றான். அங்கே அது துணையும் பேறும். முழுப் பட்டியலையும் வாசித்து முடித்த பிறகுதான், எசமான் வட வாயிலில் இவ்வளவு நேரமாகக் காத்து நிற்கின்றார் என்று மெல்லச் சொல்கின்றான். பெயரோ ஸ்பீட், போவதோ எப்போதும் பிந்தி. அக்காலத்து அரங்கிலே இருந்தவர்கள் இரு பொருளையும் உணர்ந்து சிரித்திருப்பார்கள்.

இனி, என்னைத் தலை குனியச் செய்த பழமொழிக்கு வருவோம். யோன் ஹேவுட் என்பவர் 1546ஆம் ஆண்டில் வெளியிட்ட பழமொழித் தொகுப்பிலே அது காணப்படுகின்றது. அதற்கு முந்திய வடிவம் ஒன்றிலே 'குறைந்த ஸ்பீட்' என்பதற்குப் பதிலாக 'கெட்ட ஸ்பீட்' என்ற பாடம் இருக்கின்றது. அவசரம் கூடினால் ஸ்பீட் கெடும். வேகம் குறையலாம், கூடலாம், அது கெட்டுப்போகுமா? காரியந்தான் கெடும். பழமொழியைச் செய்தவன் வேகத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. அவசரத்தால் வேகம் குறையும் என்ற முரண், பழைய பொருளை மறந்த பிற்காலத்தார் தாமே கற்பித்துக்கொண்டது. அதைத்தான் நானும் ஒரு பெரிய நுட்பமாக வகுப்பிலே விரித்துரைத்தேன்! 'பதறாத காரியம் சிதறாது' என்று நம் பாட்டிமார் சொல்வதற்கும் அதற்கும் அணுவளவும் வேறுபாடில்லை.

ஸ்பீட் இவ்வாறு மங்கலமான குடியிற் பிறந்தது. அதன் கூட்டாளியாகிய ஹேஸ்ற் பிறந்த குடி வேறு. அது பிரெஞ்சு மொழியின் வழியாக ஏறத்தாழ 1300ஆம் ஆண்டளவில் ஆங்கிலத்தை வந்தடைந்தது. பிரெஞ்சுக்காரர் அதனைப் பிராங்கியர் என்னும் செருமானியக் குலத்தாரிடமிருந்து பெற்றனர். அதன் இனமான சொல் கோதிய மொழியிலே சச்சரவைக் குறித்தது. பழைய ஆங்கிலத்தில் வன்செயலைக் குறித்தது. அவசரத்தின் வேரைத் தோண்டினால் அடியிலே கிடப்பது அடிபிடி.

இதைக் கண்டு நாம் வியப்படைய வேண்டியதில்லை. தமிழிலே ஆத்திரம் என்ற ஒரே சொல் அவசரத்தையும் குறிக்கும், கோபத்தையும் குறிக்கும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்னும்போது இரண்டுள் எது என்று பிரித்துச் சொல்லவும் முடியாது. தனித்தமிழ்ச் சொல்லை எடுத்தாலும் அப்படியே. கடுமை, கடுஞ்சொல் என்பவற்றில் நிற்கும் அடியே 'கடிது சென்றான்', 'கடுகி வந்தான்' என்பவற்றிலும் நிற்கின்றது. தொல்காப்பியர் கடி என்னும் உரிச்சொல்லுக்குக் கூறும் பொருள்களிலே விரைவும் உண்டு, அச்சமும் உண்டு.

ஹேஸ்ற் என்ற சொல்லின் வன்மையை ஆங்கிலேயர் தம் தபால் முறையிலே வெளிப்படையாகவே காட்டினர். எட்டாம் ஹென்றி மன்னர் காலத்தில் சேர் பிறையன் ரியூக் என்பவர் அரச தபாலுக்குத் தலைவராக இருந்தார். பெருவழிகளிலே குறித்த இடங்களிற் குதிரைகள் நிறுத்தி வைக்கப்பட்டன. அவ்வாறு நிறுத்தி வைத்த இடமே 'போஸ்ற்'. வைக்கப்பட்டது என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து அது வந்தது. பின்னர் அங்கிருந்து புறப்படும் ஆளுக்கும், அவன் கொண்டு செல்லும் கடிதத்துக்கும் அப்பெயர் ஆகி, நம் ஊர்த் தபாற் கந்தோர்ப் பலகை வரைக்கும் வந்து சேர்ந்தது. அக்காலத்து அவசரக் கடிதங்களின் மேலுறையிலே 'ஹேஸ்ற், போஸ்ற், ஹேஸ்ற்' என்று எழுதுவது வழக்கம். விரைந்து செல், அஞ்சற்காரா, விரைந்து செல் என்பது அதன் கருத்து. இந்தக் கட்டளைதான் தேய்ந்து ஒட்டி, மிக விரைவாக என்று பொருள்படும் 'போஸ்ற் ஹேஸ்ற்' என்ற ஒரு தொடராயிற்று. சில கடிதங்களில் 'உயிருக்காக, உயிருக்காக' என்றும் சேர்த்து எழுதினர். யாருடைய உயிர் என்ற ஐயம் எழாதிருக்கும்பொருட்டு, அருகிலே ஒரு தூக்குமரத்தின் உருவத்தையும் கீறிவைத்தனர்! எழுத்தறியாத குதிரைக்காரனும் அந்தப் படத்தை வாசித்துக்கொள்வான். பிந்தினால் கழுத்துக்குக் கயிறு. இன்று கடிதத்தின்மேல் 'அவசரம்' என்று எழுதி அடிக்கோடிடுகின்ற நாம் எவ்வளவு சாதுவானவர்கள்!

அவசரம் என்ற நம் சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். வடமொழியில் அதற்கு வாய்ப்பு, தக்க சமயம் என்பனவே பொருள். இந்தி பேசுவோர் இன்றும் அப்படியே வழங்குகின்றனர். பழந்தமிழ் வழக்கிலும் சமயம் என்ற பொருள் அதற்கு இருந்தது. சிங்களத்தில் அதே சொல் அனுமதி என்ற பொருளை அடைந்தது. விகாரைக்குச் செல்பவர் பிக்குவின் முன்னின்று 'அவசரயி' என்பார். உத்தரவு வேண்டும் என்பது கருத்து. அனுமதியின்றி உட்பிரவேசித்தல் கூடாது என்ற சிங்கள அறிவித்தற் பலகைகளிலே முதற்சொல்லாக நிற்பதும் இந்த அவசரமே. எழுத்துக்களை மாத்திரம் கூட்டி வாசிக்கத் தெரிந்த தமிழன் ஒருவன், அவசரமில்லாதவன் உள்ளே வரக்கூடாது என்று பொருள் கொண்டு ஓட்டமாய் உள்ளே நுழைந்தாலும் நுழைவான். ஒரே தீவிலே, ஒரே சொல், ஒருவருக்குப் பொறுத்து நின்று கேட்பது. மற்றவருக்கோ பொறுக்க முடியாமை.

வேறு சில ஆங்கிலச் சொற்களும் இவ்வாறே தொழில் மாறியவைதாம். 'குவிக்' என்பது ஆதியில் உயிருள்ள என்று பொருள்பட்டது. நமது சீவன் என்ற வடசொல்லுக்கு அது தூரத்து உறவு. பாதரசத்தை 'குவிக்சில்வர்' என்பது அது உயிருள்ள வெள்ளி போல் ஓடுவதனால். 'பாஸ்ற்' என்பது உறுதியாக, அசையாமல் என்றே முதலிற் பொருள்பட்டது. இறுக அடைத்த கதவை இன்னும் அச்சொல்லாற் கூறுவர். அசையாமையைச் சொன்ன சொல் பாய்ந்து ஓடுவதைச் சொல்வது விந்தைதான். அதன் கதை தனியே ஒரு கட்டுரைக்கு உரியது.

ஸ்பீட் எவ்வாறு பேற்றை விட்டு விரைவைப் பற்றிக்கொண்டது? பழைய ஆங்கிலத்திலேயே 'பேற்றுடன்' என்னும் வேற்றுமை வடிவம் 'விரைவாக' என்ற குறிப்பையும் பெற்றுவிட்டது. தடையின்றி நடக்கும் காரியம் விரைவாகவும் முடியும் அன்றோ? பல நூற்றாண்டுகள் இரு பொருளும் அருகருகே வாழ்ந்தன. பின்னர் மெல்ல மெல்ல மூத்த பொருள் தேய, இளைய பொருள் வீட்டை முழுவதும் எடுத்துக்கொண்டது. குதிரையைக் காட்டிலும் கடுகி ஓடுவன பூமியில் தோன்றிய பிறகு, விரைவே ஒரு பேறு என்று மனிதர் எண்ணத் தலைப்பட்டனர்.

அந்தப் புதுயுகத்தின் முதல் நாட்களிலேயே நிகழ்ந்த ஒன்றை நினைக்கும்போது மனம் கனக்கின்றது. 1830ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 15ஆம் திகதி லிவர்ப்பூல் நகரத்துக்கும் மன்செஸ்ரர் நகரத்துக்கும் இடையிலான இரயில் பாதையின் திறப்பு விழா. பிரதம மந்திரியாகிய வெலிங்ரன் பிரபுவும் பெருங்கூட்டத்தினரும் வண்டித் தொடர்களிற் சென்றுகொண்டிருந்தனர். பார்க்சைட் என்னும் இடத்திலே நீர் நிரப்புவதற்காக வண்டி நின்றது. பாராளுமன்ற உறுப்பினரும் முன்னாள் மந்திரியுமான உவில்லியம் ஹஸ்கிசன், இறங்கித் தண்டவாளத்தின்மீது நடந்து பிரபுவிடம் சென்று பேசினார். அவ்வேளை மற்றைப் பாதையில் 'றொக்கெற்' என்னும் இயந்திரம் வந்தது. அவர் தடுமாறி விழ, அவர் காலின்மீது அது ஏறியது. இயந்திரங்களை அமைத்த ஜோர்ஜ் ஸ்ரீபன்சன் தாமே இன்னோர் இயந்திரத்தைச் செலுத்தி, அடிபட்டவரை எக்கிள்ஸ் என்னும் ஊருக்குக் கொண்டு சென்றார். பதினைந்து மைல் தூரத்தை இருபத்தைந்து நிமிடங்களிற் கடந்தார்கள் என்பது வரலாறு. மணிக்கு 36 மைல்! அவர்கள் காலத்து மக்கள் நம்பவும் துணியாத வேகம். ஆயினும் அன்று மாலையே ஹஸ்கிசன் உயிர் நீத்தார். ஸ்பீட் என்ற சொல்லின் இரு பொருளும் அன்று அந்தத் தண்டவாளத்தின்மேலே பிரிந்து போயின. ஒன்று முழுவதும் இருந்தது, மற்றது இல்லை.

அதன் பிறகு இந்தச் சொல்லுக்கு நேர்ந்தவற்றைச் சுருங்கச் சொன்னாற் போதும். 1865ஆம் ஆண்டில் இங்கிலாந்துப் பாராளுமன்றம், தெருவில் ஓடும் இயந்திர வண்டிகள் நகரத்துள் மணிக்கு 2 மைலுக்கும் நாட்டுப்புறத்தில் 4 மைலுக்கும் மேற்படக்கூடாது என்று சட்டம் இயற்றியது. 1896ஆம் ஆண்டு சனவரியில் கென்ற் மாகாணத்து உவோல்ற்றர் ஆர்னல்ட் என்பவர் 2 மைல் எல்லைக்குள் 8 மைல் வேகத்திலே மோட்டார் வண்டி ஓட்டினார். பொலிஸ்காரர் ஒருவர் துவிச்சக்கர வண்டியிலே மிதித்துத் துரத்திச் சென்று அவரைப் பிடித்தார். வேகமாக ஓட்டியதற்காக இங்கிலாந்தில் முதன்முதலில் தண்டம் இறுத்த மோட்டார்க்காரர் அவரே. ஒருகாலத்தில் வாழ்த்தாக இருந்த சொல் இவ்வாறு குற்றத்தின் பெயராகவும் ஆகிவிட்டது. பிற்காலத்தார் ஒருவகைப் போதை மருந்துக்கும் அப்பெயரையே வைத்தனர். கிணற்றடியில் நின்று வேண்டிய கிழவன் கேட்டால் என்ன நினைப்பானோ!

ஆயினும் மூத்த பொருள் முற்றாக இறந்துவிடவில்லை. பயணம் புறப்படுபவரை வாழ்த்தும் 'கோட்ஸ்பீட்' என்ற தொடரிலே அது ஒளிந்திருந்து உயிர் தப்பியது. கடவுள் உனக்குப் பேறு தருக என்பதே அதன் பொருள். கடவுளைப் போல் விரைந்து செல் என்பதன்று. 1962ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆம் திகதி, பலமுறை ஒத்திவைக்கப்பட்ட பின்னர், அமெரிக்கராகிய யோன் கிளென் பூமியை வலம் வருவதற்காக விண்கலத்தில் ஏறி அமர்ந்திருந்தார். கீழே நிலையத்திலே ஒலிவாங்கியின் முன்னிருந்த சக விண்வெளி வீரர் ஸ்கொட் காப்பென்ரர், 'கோட்ஸ்பீட், யோன் கிளென்' என்றார். வானொலிக் கோளாறு காரணமாகக் கிளெனின் காதில் அது விழவில்லை; உலகத்தின் காதில் விழுந்தது. அந்தக் கலம் மணிக்கு ஏறக்குறைய 17,500 மைல் வேகத்தை எட்டினாலன்றிப் பூமியைச் சுற்ற இயலாது. எட்டாவிட்டால் திரும்பவும் கீழே வரவேண்டியதுதான். காப்பென்ரரும் அந்த வேகத்தை மனத்திற் கொண்டே அச்சொல்லைத் தேர்ந்ததாகப் பிற்காலத்திற் கூறினார். வேகமே பேறாக, பேறே வேகமாக நின்ற அபூர்வமான வேளை அது. கிளென் மூன்று முறை பூமியைச் சுற்றிவிட்டு, ஐந்து மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைந்த நேரத்தில் நலமாகக் கடலில் வந்து இறங்கினார்.

அந்த மாணவனை நான் மறுபடியும் கண்டது நல்லூர்த் திருவிழாவின்போது. அவர் இப்போது கனடாவில் வசிக்கின்றார். தலையிலே இரண்டொரு நரையும் தோன்றிவிட்டது. பஸ் தரிப்பிடத்தில் என்னைக் கண்டதும் பிள்ளைகளின் கைகளை விட்டுவிட்டு வந்து, "சேர், சுகமா?" என்றார். இருபது ஆண்டுகளாக மனத்திலே கிடந்ததைச் சொல்லிவிட இதுதான் அவசரம், அதாவது வடமொழி அவசரம், என்று எண்ணினேன். பரீட்சையையும், பழமொழியையும், சிவப்புக் கோட்டையும், வகுப்பிலே வாசித்துச் சிரிக்க வைத்ததையும் சொன்னேன். அகராதியிற் கண்டதையும் சொன்னேன்.

"தம்பி, நீர் எழுதினதுதான் சரி. நான்தான் பிழை விட்டுட்டன்," என்றேன்.

அவர் சற்று நேரம் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தச் சிரிப்பு அவருக்கு நினைவிருந்தது என்பது முகத்திலே தெரிந்தது. பிறகு மெல்லச் சிரித்தார்.

"சேர், ஸ்பீட் எண்டால் வேகம் எண்டுதான் எனக்கும் தெரியும். மணி அடிக்கப் போறாங்கள் எண்டு பார்த்தன். அவசரத்திலை, அம்மா வீட்டிலை சொல்லுறதை அப்பிடியே எழுதிப்போட்டன்."

பஸ் வந்தது. "போட்டு வாறன் சேர்," என்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தாமும் ஏறினார்.